எதைப் படிக்கலாம், எதைக் கேட்கலாம், எதைப் பார்க்கலாம்: காரைக்குடியில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு), சாந்தி (அறுபது, எண்பது நிறைவு விழா) என்று ஊருக்கு வருகிறவர்கள் சாப்பாடு முடிந்து வளவில், அதாவது வீட்டு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், உட்கார்ந்ததும் என்னிடம் கேட்பது இதைத்தான்: நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள், நல்ல படம் சொல்லுங்கள், காரில் போகும்போது கேட்க ஏதாவது சொல்லுங்கள். கேட்கிற ஆள்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. அதனால் அவரவர் கேட்டபடியே கேள்வியை எழுதி, நான் சொல்லும் பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். எல்லாம் நான் திரும்பத் திரும்பப் படித்தவை, கேட்டவை, பார்த்தவை. எல்லாருக்கும் ஒரே பட்டியல் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. யாருக்கு எது என்று பிரித்துச் சொல்வதுதான் முக்கியம்.

ஆச்சி, நான் புத்தகத்தைத் தொட்டே வருஷக்கணக்காச்சு. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, எதுல ஆரம்பிக்கிறது?

ஏ. கே. செட்டியாரின் 'அண்ணல் அடிச்சுவட்டில்'. நம் கோட்டையூர்க்காரர். காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில் அவருக்கு வந்தது. அதன் பிறகு நாடு நாடாக அலைந்து, யார் யாரோ எப்போதோ பிடித்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து, 1940-இல் படத்தை வெளியிட்டார். அந்தத் தேடலின் கதைதான் இந்தப் புத்தகம். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்திருக்கிறார்.

படிக்கும் பழக்கம் விட்டுப்போனவர்களுக்கு இதைச் சொல்வதற்குக் காரணம் அதன் நடை. சின்னச் சின்ன வாக்கியம். எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்தோம் என்ற பெருமை ஓரிடத்திலும் துருத்திக்கொண்டு நிற்காது. எங்கே போனார், யாரைப் பார்த்தார், என்ன கிடைத்தது என்று சொல்லிக்கொண்டே போவார். பத்துப் பக்கம் படித்தால் அடுத்த பத்தை நீங்களாகவே புரட்டுவீர்கள்.

'புயலிலே ஒரு தோணி' வாங்கி நாலு பக்கத்துல மூடிட்டேன். எல்லாரும் சொல்ற அளவுக்கு அது நல்ல நாவலா, இல்ல சும்மா பேரா?

தமிழில் எனக்கு மிகவும் பிடித்த நாவலே அதுதான். ஆனால் ப. சிங்காரத்தை அங்கே ஆரம்பிக்கக் கூடாது. அவருடைய முதல் நாவலான 'கடலுக்கு அப்பால்' சின்னப் புத்தகம், அதை முதலில் படியுங்கள். நேதாஜியின் ராணுவத்திலிருந்து திரும்பி வரும் செல்லையா, கடை முதலாளியின் மகள் மரகதம், நடுவில் தடையாக நிற்கும் கடைக்காரப் புத்தி என்று கதை நேராகப் போகும். அந்த உலகம் கொஞ்சம் பழகிய பிறகு பெரிய நாவலுக்குள் போனால் மூச்சு முட்டாது.

சிங்காரம் 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். சின்ன வயதிலேயே இந்தோனேசியாவின் மேடானுக்குக் கடை வேலைக்குப் போனவர். நம் வீடுகளில் கடல் தாண்டி வியாபாரத்துக்குப் போனவர்களை 'ஐயா கொண்டுவிக்கப் போனாக' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவோம் இல்லையா, அந்த ஒரு வாக்கியத்துக்குள் என்னவெல்லாம் இருந்தது என்று எனக்குக் காட்டியது 'புயலிலே ஒரு தோணி'தான். பெட்டியடியில் (கடையின் பணப்பெட்டி இருக்கும் இடத்தில்) நடக்கும் கணக்கு, அடுத்தாட்கள் (கடை உதவியாளர்கள்) ராத்திரியில் பேசும் பேச்சு, பேருக்குப் பதிலாகக் கடையின் முன்னெழுத்தான விலாசத்தைச் சொல்லியே ஆளைக் கூப்பிடும் வழக்கம், ஜப்பான்காரன் வந்ததும் ஒரே நாளில் தலைகீழாகும் தெரு. இத்தனைக்கும் நடுவில் கதாநாயகன் பாண்டியன் நினைவில் சின்னமங்கலமும் மதுரைத் தெருக்களும் வந்து போய்க்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் பர்மா கடிதக் கட்டு ஒன்று உண்டு. இந்த நாவலைப் படித்த பிறகுதான் அந்தக் கடிதங்களில் எழுதாமல் விட்டது எது என்று எனக்குப் புலப்பட்டது.

மலாய்ச் சொற்கள் வரும், பாதி வாக்கியத்தில் பேச்சு எங்கோ தாவும், சங்கப்பாட்டைக் கிண்டல் செய்யும் பக்கங்கள் வரும். அகராதி தேடி நிற்காதீர்கள். வாய்விட்டுப் படித்தால் பாதிக் கஷ்டம் போய்விடும். ஒரு வாரம் கையில் வேறு வேலை இல்லாதவர்களுக்கு மட்டும்தான் இதைத் தருகிறேன்.

ஆல்பம்னா நமக்குப் படப்பாட்டு கேசட்தானே? தனி ஆல்பம்னு தமிழ்ல ஏதாவது இருக்கா?

இருக்கிறது. 'கிருஷ்ண கானம்'. கண்ணதாசன் எழுதி எம். எஸ். விஸ்வநாதன் இசையமைத்தது, எந்தப் படத்துக்கும் எழுதியதில்லை. டி. எம். சௌந்தரராஜன் பாடிய 'புல்லாங்குழல் கொடுத்த மூங்கில்களே', சீர்காழி கோவிந்தராஜனின் 'குருவாயூருக்கு வாருங்கள்' எல்லாம் கோயில் குழாயில் கேட்டுக் கேட்டுக் காதில் ஊறியவைதான். ஆனால் எல்லாப் பாட்டையும் ஒரே மூச்சில், வரிசையாக உட்கார்ந்து கேட்டவர்கள் குறைவு. அப்படிக் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஆள் குரல் மாறும்போது கண்ணனும் மாறுவான். எஸ். பி. பாலசுப்ரமணியம் 'ஆயர்பாடி மாளிகையில்' பாடும்போது குரலைத் தூக்கவே மாட்டார். தூங்குகிற பிள்ளை பக்கத்தில் இருக்கிறது என்ற நினைப்பு கடைசிவரை அந்தக் குரலில் இருக்கும்.

பாட்டு வரியே வேண்டாம் என்பவர்களுக்கு இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', 1986. தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாகச் செய்தது. திருச்சிக்குக் காரில் தனியாகப் போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

அரியக்குடி பக்கத்துலயே இருந்துக்கிட்டு கர்நாடக சங்கீதம் ஒண்ணுமே தெரியலைன்னா வெக்கமா இருக்கு. புரியாதவங்க எதைக் கேக்கலாம்?

வெட்கப்பட ஒன்றுமில்லை. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) மெட்டமைத்த திருப்பாவையைக் கேளுங்கள், எம். எல். வசந்தகுமாரி பாடியதாக. பாட்டின் அர்த்தம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், மார்கழியில் காது பழகியது. அதனால் ராகத்தைக் கவனிக்க மனசுக்கு இடம் கிடைக்கும்.

ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள். முதல் ஐந்து பாசுரங்களும் முறையே நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. கன ராகங்கள் என்று தொகுத்துச் சொல்லும் ஐந்து ராகங்களும் வரும் வரிசை இது. தியாகராஜரின் பஞ்சரத்னக் கிருதிகளும் இதே வரிசைதான். 'மார்கழித் திங்கள்' நாட்டையில் நிமிர்ந்து நிற்பதையும், நாலாவதான 'ஆழிமழைக் கண்ணா' வராளியில் கனத்துப் போவதையும் அடுத்தடுத்துக் கேட்டால், ராகம் என்றால் என்ன என்று யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அப்புறம் அரியக்குடியின் கச்சேரிப் பதிவுகளுக்குப் போகலாம். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கீர்த்தனைகள், நடுவில் பெரிய உருப்படியும் தனி ஆவர்த்தனமும் (தாளவாத்தியங்களின் தனி வாசிப்பு), கடைசியில் துக்கடா (சின்னப் பாட்டுகள்) என்று இன்று மேடையில் நடக்கும் கச்சேரி முறை அவர் நிலைநிறுத்தியது.

ஏவிஎம் முதல் படம் நம்ம ஊர்லயா எடுத்தாங்க? இப்பப் பாத்தா பிடிக்குமா?

ஏவிஎம் என்ற பெயரில் வந்த முதல் படமான 'நாம் இருவர்' காரைக்குடியில் எடுத்ததுதான். ஏவிஎம் நிறுவனரும் காரைக்குடிக்காரருமான மெய்யப்பன் அதற்கு முன்பே சென்னையில் இசைத்தட்டு வியாபாரமும் படத் தயாரிப்பும் செய்தவர். யுத்த காலத்து நெருக்கடியில் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டார். படம் 1947 ஜனவரியில் வந்தது. சுதந்திரத்துக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது.

கதை இன்றைக்கு மெதுவாகத் தோன்றும், அதைச் சொல்லிவிடுகிறேன். பாட்டுக்காகப் பாருங்கள். டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டு 'ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே'. அந்தச் சுதந்திரம் இன்னும் வராத நேரத்தில், வந்துவிட்டது என்று பாடுகிற பாட்டைக் கொட்டகையில் உட்கார்ந்து கேட்டவர்களை நினைத்துக்கொண்டு கேட்டால் உடம்பு சிலிர்க்கும். பாரதி 1919-இல் காரைக்குடி ஹிந்து மதாபிமான சங்கத்துக்கு வந்து, சங்கத்தின் மேல் பாட்டும் பாடிவிட்டுப் போனவர். அவர் பாட்டு இதே ஊரில் எடுத்த படத்தின் வழியாகப் பட்டிதொட்டி எங்கும் போனது எனக்குப் பெரிய விஷயம். பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை மெய்யப்பனிடம் இருந்தது. பின்னால் அதை அரசாங்கத்துக்கே விட்டுக்கொடுத்தார்.

பழைய ஏவிஎம் படத்தில் இன்றைக்கும் விறுவிறுப்பாக இருப்பது 'அந்த நாள்' (1954). ஒரு கொலை, ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் கதை, பாட்டே கிடையாது. பழைய படம் என்றாலே எழுந்து போகிற காலேஜ் பிள்ளைகளை இதை வைத்து உட்கார வைத்திருக்கிறேன்.

இளையராஜால ஒண்ணே ஒண்ணுன்னா எது?

அவருடைய முதல் படம், 'அன்னக்கிளி' (1976). அவருடைய சிறந்த ஆல்பம் எது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் ஒன்றே ஒன்று என்றால் கதவு திறந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தக் கதவைத் திறந்துவிட்டவர் பஞ்சு அருணாசலம். சிறுகூடல்பட்டி, கண்ணதாசனின் அண்ணன் மகன். எஸ். ஜானகி பாடும் 'மச்சானைப் பாத்தீங்களா'வை இயர்போனில் கேட்காதீர்கள். டீக்கடை ஸ்பீக்கர் சத்தத்தில், கொஞ்சம் தள்ளி நின்று கேட்க வேண்டிய பாட்டு அது. அதே படத்தில் 'சுத்தச் சம்பா பச்ச நெல்லு' வேலை செய்துகொண்டே பாடுகிற பாட்டு. நம் பக்கம் நடவு பார்த்தவர்களுக்கு அந்தத் தாளம் உடனே பிடிபடும்.

இதே கூட்டணியில் படம் என்றால் 'ஆறிலிருந்து அறுபது வரை' (1979). பஞ்சு எழுத்து, காரைக்குடிக்காரரான எஸ். பி. முத்துராமன் இயக்கம், இளையராஜா இசை. தம்பி தங்கைகளைத் தூக்கிவிட்டுத் தான் கீழே நின்றுவிட்ட மூத்த பிள்ளையின் கதை. ரஜினியை ஸ்டைலுக்காக மட்டும் பார்த்தவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். வீட்டுக்கு மூத்தவராகப் பிறந்தவர்கள் மட்டும் தனியாகப் பார்ப்பது நல்லது.

நம்ம வீடுகளை ஷூட்டிங்குக்கு விடுறாங்க, ஆனா படத்துல பாத்தா ஜமீன் பங்களான்னு காட்டி சண்டை போடுறாங்க. வீட்டை வீடாக் காட்டற படம் எது?

இந்த வருத்தம் எனக்கும் நிறைய உண்டு. தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தரைக்கல்லும் வில்லன் உருண்டு விழுவதற்குத்தான் என்று ஆகிவிட்டது. நான் சொல்வது ராஜீவ் மேனனின் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000). அதில் வீடு வெறும் பின்னணி இல்லை, கதையே வீட்டைப் பற்றியதுதான். பெரியவர் இறந்ததும் உயில் மகன் பக்கம் போகிறது, அதுவரை அவரைப் பார்த்துக்கொண்ட மகளும் பேத்திகளும் வீட்டை விட்டுச் சென்னைக்குப் போகிறார்கள். ஆங்கிலத்தில் ஜேன் ஆஸ்டின் எழுதிய கதைதான் மூலம். ஆனால் வீட்டில் பங்கும், கோயிலில் குடும்பக் கணக்கான புள்ளியும் பேசும் ஊரில் அதைப் பார்க்கும்போது வேற்று நாட்டுக் கதையாகவே தோன்றாது.

ரஹ்மான் பாட்டுகளில் 'எங்கே எனது கவிதை'யைத் தனியாகக் கேளுங்கள்.

நீங்க சொல்றதெல்லாம் போன்ல கிடைக்குமா?

படங்களும் பாட்டும் பெரும்பாலும் தேடினால் கிடைக்கும். புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்குங்கள். திருட்டுப் பிரதி அனுப்பச் சொல்லி என்னிடம் கேட்க வேண்டாம்.

அயித்தை, மகன் சிங்கப்பூர்ல வளர்றான். தமிழ் பேசுவான், வாசிக்கச் சொன்னா ஓடுறான். என்ன குடுக்கலாம்?

சின்னப் பிள்ளை என்றால் அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்'. ராயவரத்துக்காரர், பாங்கில் வேலை பார்த்துக்கொண்டே வாழ்நாள் முழுக்கக் குழந்தைகளுக்காக எழுதியவர். எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லாதீர்கள். முதலில் நீங்கள் பாடுங்கள், இரண்டு மூன்று நாளில் பிள்ளை கூடப் பாடும். பாட்டு மனப்பாடம் ஆன பிறகு புத்தகத்தைக் காட்டினால், தெரிந்த சொல்லைத்தான் கண் தேடும். வாசிப்பு அப்படித்தான் தானாக வரும்.

பத்து, பன்னிரண்டு வயது என்றால் தேவகோட்டைக்காரரான தமிழ்வாணனின் சங்கர்லால் துப்பறியும் கதைகள். பெரியவர்களுக்கு இது இலக்கியமா என்று சந்தேகம் வரும். பிள்ளை பக்கத்தைத் திருப்புகிறானா என்று மட்டும் பாருங்கள்.

எங்க வீட்ல 'அர்த்தமுள்ள இந்து மதம்' இருக்கு. கண்ணதாசன்ல அதுக்கு மேல என்ன படிக்கிறது?

'வனவாசம்'. தன் வாழ்க்கையைத் தானே எழுதும்போது 'நான்' என்று சொல்லாமல் 'அவன்' என்று எழுதியிருக்கிறார். எதிரில் நிற்கும் வேறொருவனை விசாரிப்பது போல அவனுடைய ஆசை, அரசியல், சறுக்கல் எல்லாவற்றையும் விசாரிப்பார். கட்சியை விட்டு வெளியே வரும்வரை உள்ள காலம் அதில் இருக்கிறது. தொடர்ச்சி வேண்டுமென்றால் 'மனவாசம்'. இரண்டும் வயது வந்தவர்களுக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

'அர்த்தமுள்ள இந்து மதம்' படித்துவிட்டு அவரை ஒரு பெரியவராக மட்டும் மனசில் வைத்திருப்பவர்களுக்கு 'வனவாசம்' அதிர்ச்சியாக இருக்கும். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு அவருடைய தத்துவப் பாட்டுகளைக் கேளுங்கள். அனுபவிக்காமல் ஒரு வரியும் எழுதவில்லை என்பது தெரியும்.

கம்பராமாயணம் படிக்கணும்னு ஆசை, ஆனா பத்தாயிரம் பாட்டுன்னு சொன்னாலே பயமா இருக்கு.

படிக்காதீர்கள், முதலில் கேளுங்கள். சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் கழகம் பங்குனியில் இங்கே விழா எடுக்கிறது, நிறைவு நாள் நாட்டரசன்கோட்டையில். ஒரு தடவை ஊருக்கு வருவதை அந்தச் சமயத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குப் போய்விடுங்கள், சா. க. காலத்திலிருந்தே அங்கே குறித்த நேரம் என்றால் குறித்த நேரம். பேச்சில் உங்களைத் தொட்ட ஒரு பாட்டைக் குறித்துக்கொண்டு வந்து, அது வரும் படலத்தை மட்டும் உரையோடு படியுங்கள். படலம் படலமாகப் போகலாம், அவசரமே இல்லை.

எல்லாரும் நம்ம பக்கத்து ஆளுங்களாவே இருக்காங்களே, இது ஊர்ப்பாசம் இல்லையா?

ஊர்ப்பாசம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. கேட்கிறவர்கள் பெரும்பாலும் இங்கே வேர் உள்ளவர்கள், வளர்ந்தது வேறெங்கோ. கோட்டையூர், சிறுகூடல்பட்டி, ராயவரம் என்று தெரிந்த பெயர் வரும்போது புத்தகத்தைக் கையில் எடுக்க ஒரு காரணம் கிடைக்கிறது. அப்புறம், இந்த வறண்ட பூமியிலிருந்து கடல் தாண்டிப் போன காசும் அனுபவமும் அச்சகமாகவும் பத்திரிகையாகவும் ஸ்டுடியோவாகவும் திரும்பி வந்தது உண்மையான வரலாறு. அது தெரியாமல் வீட்டின் தூணை மட்டும் படம் பிடித்துக்கொண்டு போகிறார்களே என்பது என் ஆதங்கம்.

ஊரைத் தாண்டியும் சொல்கிறேன். நாவலில் தி. ஜானகிராமனின் 'மோகமுள்', படத்தில் மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்'. இரண்டும் இல்லாமல் என் பட்டியல் முழுசாகாது.

கல்யாணத்துக்குப் புத்தகம் பரிசாக் குடுத்தா தப்பா நினைப்பாங்களா?

கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமானைப் பரப்பும்போது வெள்ளியும் பித்தளையும் அடுக்குகிற இடத்தில் நாலு புத்தகமும் இருக்கட்டும் என்று நான் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருக்கிறேன். படிக்கிற ஜோடி என்றால் மேலைச்சிவபுரிக்காரரான வ. சுப. மாணிக்கத்தின் 'தமிழ்க்காதல்'. சங்க அகப்பாடல்களைப் பற்றிய ஆராய்ச்சி நூல், நிதானமாகப் படிக்க வேண்டும், ஆனால் வாழ்நாளெல்லாம் கூட வரும். தமிழ் வாசிக்கத் தெரியாத வீடு என்றால் எஸ். முத்தையாவும் மற்றவர்களும் சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதிய 'தி செட்டியார் ஹெரிடேஜ்' பொருத்தம்.

நீங்க சொன்ன படத்தைப் பாத்தேன், எனக்குப் பிடிக்கலை. உங்ககிட்ட சொல்லத் தயக்கமா இருந்துச்சு.

தயங்கவே வேண்டாம், கட்டாயம் சொல்லுங்கள். எந்த இடத்தில் விட்டுப்போனது என்று மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள். 'மெதுவாப் போச்சு' என்று ஒருவர் சொன்னால் அடுத்து அவருக்கு 'அந்த நாள்' சொல்வேன். 'ரொம்ப அழுகை' என்றால் 'ஆறிலிருந்து அறுபது வரை' பக்கமே போக விடமாட்டேன். பிடிக்கவில்லை என்று சொன்னவர்களுக்கு அடுத்த முறை சரியாகப் பொருந்தும்படி சொல்ல முடிகிறது. 'சூப்பர்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரிவதே இல்லை.

ஐயா வச்சிருந்த இசைத்தட்டும் பாட்டுப் புத்தகமும் பெட்டகத்துல கிடக்கு. முனீஸ்வரன் கோயில் தெருவுல எடுத்துக்கிறாங்களாம், போட்டுடலாமா?

பழம்பொருள் கடையில் உடனே போடாதீர்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஓவியர், பிறர் குப்பை என்று நினைத்த நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் புத்தகங்களோடு சேர்த்து வைத்தார். சுமார் ஒரு லட்சம் உருப்படிகள். 1992-இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்க, 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் வந்தது. உங்கள் பெட்டகத்தில் இருக்கும் எட்டுப் பக்கப் பாட்டுப் புத்தகம் வேறெங்கும் இல்லாத பிரதியாகக்கூட இருக்கலாம்.

முதலில் ஒரு நோட்டில் பட்டியல் எழுதுங்கள்: தலைப்பு, ஆண்டு, அச்சகம் அல்லது கம்பெனி, தட்டு எண். அரக்கில் செய்த பழைய 78 சுற்று இசைத்தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். கை தவறினால் கண்ணாடி மாதிரி உடைந்துவிடும். ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். மெல்லிய துணியால் தூசியை மட்டும் எடுங்கள். கிழிந்த புத்தகத்துக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள், கொஞ்ச நாளில் பழுப்பேறித் தாளையும் கெடுத்துவிடும். பட்டியல் முடிந்ததும் அதைச் சென்னை நூலகத்துக்கு அனுப்பிக் கேட்டுவிட்டு, அவர்களிடம் இல்லாததைக் கொடுங்கள். மீதியை விற்பதா வைத்துக்கொள்வதா என்பதை வீட்டில் பங்குள்ள எல்லாரையும் கேட்டு முடிவு செய்யுங்கள்.